ஆல்டோ சாக்சபோன் பதிவு: மைக்கை எங்கே வைப்பது?

நாகசுரக் குடும்பத்தில் பிறந்து சாக்சபோனுக்கு வந்த இளைஞர் ஒருவர், தோடி ஆலாபனை ஒன்றைப் பதிவு செய்ய என் மாடி அறைக்கு வந்தார். அவர் வாசிப்பது ஆல்டோ. என்னிடம் நல்ல கண்டென்சர் மைக் ஒன்று இருந்தது. ஒலி வெளியே வருவது பெல் எனப்படும் அகன்ற வாய் வழியாகத்தானே என்று எண்ணி, அதற்கு நேர் எதிரே ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில் மைக்கை நிறுத்தினேன். அவர் அரை மணி நேரம் மெய்மறந்து வாசித்தார். பிறகு ஹெட்போனில் கேட்டபோது அவர் முகம் வாடிவிட்டது. மந்திர ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொட்ட இடமெல்லாம் குடத்துக்குள்ளிருந்து வருவது போல ஒலி உப்பியது. மத்திய ஸ்தாயியில் மெலிந்தது. தார ஸ்தாயிக்குப் போனதும் காது கூசியது. "இது என் வாத்தியத்தின் குரல் இல்லை, அண்ணா" என்றார்.

மறுநாள் அதே மைக்கை, அதே அறையில், மூன்று சாண் தள்ளி, உயர்த்தி, அவருடைய விரல்கள் இருக்கும் பக்கமாகச் சாய்த்து வைத்தோம். வேறு எதையும் மாற்றவில்லை. முதல் ஐந்து நிமிடத்திலேயே அவர் தலையாட்டிவிட்டார்.

சாக்சபோனைப் பதிவு செய்ய நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த மைக் வாங்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்வி இரண்டாவதாக வர வேண்டியது. எங்கே வைக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டால், எதை வாங்குவது என்பது பாதி தீர்ந்துவிடும். மிக்ஸிங் மேசையில் செய்ய வேண்டிய வேலையிலும் பெரும்பகுதி குறைந்துவிடும். ஆகவே இந்தக் கட்டுரையில் இடத்துக்கே அதிக இடம் கொடுக்கிறேன். வீட்டு அறை, ஓர் ஆல்டோ, இரண்டு மைக் வரை கணினியோடு இணைக்கக்கூடிய ஒரு சிறு ஆடியோ இன்டர்ஃபேஸ். இவ்வளவுதான் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒலி பெல்லில் மட்டும் இல்லை

பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற இந்தக் கருவி, கூம்பு வடிவப் பித்தளைக் குழாய். அதில் இருபதுக்கும் மேற்பட்ட துளைகள் இருக்கின்றன. எல்லாத் துளைகளையும் மூடி மிகத் தாழ்ந்த சுரத்தை வாசிக்கும்போதுதான் ஒலி முழுவதும் பெல் வழியே வருகிறது. விரலை எடுக்க எடுக்க, திறந்திருக்கும் முதல் சில துளைகளே சுரத்தின் அடிப்படை ஒலியை வெளியே விடுகின்றன. மேலே போகப் போக ஒலி பிறக்கும் இடமும் குழாயில் மேலே ஏறுகிறது. ஆனால் ஒவ்வொரு சுரத்தோடும் சேர்ந்தே ஒலிக்கும், மிக உயர்ந்த அதிர்வெண் கொண்ட மேற்சுரங்கள் அந்தத் துளைகளில் முழுதாக வெளியேறாமல் குழாயோடு ஓடி, பெல்லுக்குப் போய்விடுகின்றன. பெல்லுக்கு நேர் எதிரே எப்போதும் கூர்மையாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான். தாழ்ந்த சுரங்களும் கூர்மையும் பெல்லில் கிடைக்கும். நடு ஸ்தாயியின் உடம்பு துளைகளில் கிடைக்கும். என் முதல் நாள் பதிவு ஏன் அப்படிக் கெட்டது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

இதைக் காதாலேயே சோதிக்கலாம். வாசிப்பவரை ஆரோகணமாக ஒவ்வொரு சுரத்தையும் நீட்டி மிதமான ஒலியில் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு காதை மூடிக்கொண்டு, மற்றொரு காதை மைக்காக எண்ணி, ஓரிரு அடி தள்ளி நின்று மெல்ல நகர்ந்து பாருங்கள். பெல்லுக்கு நேரே சுரத்துக்குச் சுரம் ஒலியின் நிறம் தாவும். பெல்லின் விளிம்புக்கு மேலே, இடக்கை விசைகளுக்கும் வலக்கை விசைகளுக்கும் நடுப்பகுதியை நோக்கிக் காது வரும்போது ஓரிடத்தில் எல்லாச் சுரங்களும் ஒரே குரலாக இணையும். மைக்கின் இடம் அது. படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டினாலும் அந்த இடம் சரியாக வராது. ஊதுபவரின் உயரம், அவர் கருவியைப் பிடிக்கும் சாய்வு, மவுத்பீஸ் எல்லாம் அதைச் சில அங்குலம் நகர்த்திவிடுகின்றன.

நான்கு இடங்கள்

முதலாவது, பெல்லின் விளிம்பில் மாட்டும் கிளிப் மைக். டிபிஏ 4099 போன்றவை இதற்கென்றே வருகின்றன. வாசிப்பவர் திரும்பினாலும் குனிந்தாலும் மைக்கும் கூடவே வருவதால் ஒலியின் அளவு மாறுவதில்லை. தவில் பக்கத்தில் முழங்கும் மேடையிலும், கல்யாண மண்டபத்திலும் இதைவிட நல்ல வழி கிடையாது. ஒலிபெருக்கி ஊளையிடாமல் சத்தத்தை ஏற்ற முடிகிறது. ஆனால் அமைதியான அறையில் பதிவு செய்ய இதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். விசைகள் மூடித் திறக்கும் தட்டொலி பெரிதாகக் கேட்கும். பெல்லின் குணமே மேலோங்கும். கையில் ஏற்கெனவே கிளிப் மைக் இருந்து, வேறு எதுவும் வாங்க வசதி இல்லை என்றால், அதன் வளைகழுத்தைப் பெல்லுக்குள் திணிக்காமல் வெளியே இழுத்து, விசைகளைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

இரண்டாவது, நான் செய்த பிழை: ஸ்டாண்டில் வைத்த மைக்கைப் பெல்லுக்கு நேரே 15 சென்டிமீட்டரில் நிறுத்துவது. நிறக் கோளாறை ஏற்கெனவே சொன்னேன். அளவுக் கோளாறும் இருக்கிறது. 15 சென்டிமீட்டரில் வாசிப்பவர் 5 சென்டிமீட்டர் முன்னே வந்தால் ஒலி ஏறத்தாழ மூன்றரை டெசிபல் கூடுகிறது. 5 சென்டிமீட்டர் பின்னே போனால் இரண்டரை டெசிபல் குறைகிறது. 60 சென்டிமீட்டரில் அதே அசைவுக்கு ஒரு டெசிபலுக்கும் குறைவான மாற்றமே வருகிறது. கமகத்தோடு உடலும் அசையும் ஒருவரை அசையாதே என்று சொல்லிப் பதிவு செய்வது இசைக்குச் செய்யும் தீங்கு. இதோடு, பெரும்பாலான ஒருதிசை மைக்குகள் மிக அருகில் வைத்தால் தாழ்ந்த ஒலிகளை மிகைப்படுத்தும். மந்திர ஸ்தாயி உப்பியதில் அதற்கும் பங்கு உண்டு. சுற்றிலும் மற்ற வாத்தியங்கள் இரைந்துகொண்டிருக்கும்போது இந்த இடத்தைத் தவிர வேறு வழி இல்லாமல் போகலாம். அப்போது மட்டும் சரி.

மூன்றாவது, 40 முதல் 60 சென்டிமீட்டர் தூரத்தில், பெல்லின் விளிம்புக்குச் சற்று மேலே, குழாயின் நடுப்பகுதியை நோக்கிச் சாய்த்து வைப்பது. வீட்டு அறையில் பதிவு செய்யும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இதைத்தான் சொல்வேன். துளைகளின் ஒலியும் பெல்லின் ஒலியும் கலந்து வந்து சேரும் அளவுக்குத் தூரம். அறையின் எதிரொலி முந்திக்கொள்ளாத அளவுக்கு அருகாமை. கூர்மை அதிகம் வேண்டுமானால் மைக்கின் முகத்தைப் பெல் பக்கம் சில பாகை திருப்பலாம். மென்மை வேண்டுமானால் இடக்கை விசைகள் பக்கம் திருப்பலாம். அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் செய்யும் திருத்தத்தைவிட இந்தத் திருப்பம் இயல்பாகக் கேட்கும்.

நான்காவது, ஒன்றரை மீட்டரோ அதற்கு மேலோ தள்ளி வைப்பது. நல்ல மர வேலைப்பாடு கொண்ட பெரிய கூடத்தில் இது சொர்க்கம். நம் வீடுகளில் தரை டைல்ஸ், சுவர் சிமென்ட் பூச்சு, கூரை கான்கிரீட். அறையின் நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டுங்கள். "ட்ரிங்" என்று உலோகம் போல ஓர் அதிர்வு தொடர்ந்தால், தூர மைக் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். அந்த அதிர்வு பதிவில் ஏறிவிட்டால் எந்தக் கருவியாலும் சுத்தமாக எடுக்க முடியாது. அலமாரியைத் திறந்து வைத்து, பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து, கொடியில் கம்பளி கட்டிய பிறகும் தட்டிப் பாருங்கள். அடங்கினால் ஒரு மீட்டர் வரை துணியலாம்.

வீட்டு அறையைக் குறைத்து மதிப்பதாக எண்ண வேண்டாம். அமெரிக்காவின் நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டர், பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டே, ஹாக்கன்சாக் ஊரில் பெற்றோரின் வீட்டு வரவேற்பறையில் ஜாஸ் இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார். 1959இல்தான் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தனியாக ஸ்டூடியோ கட்டி இடம் மாறினார். சாக்சபோன் எப்படி ஒலிக்க வேண்டும் என்று உலகம் இன்றும் எண்ணிக்கொண்டிருக்கும் ஒலியில் ஒரு பங்கு அந்த வரவேற்பறையில் உருவானது.

தரையில் அமர்ந்து வாசித்தால்

வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் வாசிப்பவர் நிற்கிறார் அல்லது நாற்காலியில் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டே பேசுகின்றன. கர்நாடக இசையில் சாக்சபோன் சம்மணமிட்டு அமர்ந்து வாசிக்கப்படுகிறது. மைசூர் அரண்மனை பேண்டில் கேட்ட சாக்சபோனில் மனம் பறிகொடுத்து, நாகசுரக் குடும்பத்திலிருந்து இந்தக் கருவிக்கு வந்த கத்ரி கோபால்நாத் (1949–2019) அதைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்திய நாளிலிருந்து அதுவே வழக்கம். இந்த அமர்வு மைக் வைப்பவருக்கு ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவருகிறது: பெல் தரைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். பெல் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மைக் 60 சென்டிமீட்டர் தள்ளி, 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நேரே வரும் ஒலி சுமார் 67 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. டைல்ஸ் தரையில் பட்டுத் திரும்பும் ஒலி சுமார் 108 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. இந்த 41 சென்டிமீட்டர் தாமதத்தால், 400 ஹெர்ட்ஸைச் சற்றுத் தாண்டிய இடத்தில் இரண்டு ஒலிகளும் ஒன்றையொன்று அழிக்கப் பார்க்கின்றன. ஆல்டோவின் இயல்பான வீச்சு ஏறத்தாழ 139 ஹெர்ட்ஸிலிருந்து 831 ஹெர்ட்ஸ் வரை. அதாவது வாத்தியத்தின் நட்ட நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது. குறிப்பிட்ட ஒரு சுரம் மட்டும் ஏன் எப்போதும் சோர்ந்து ஒலிக்கிறது என்று ஊதுபவர் ரீடை (ஊதும்போது அதிரும் நாணல் தகட்டை) மாற்றி மாற்றிப் பார்ப்பார். குற்றம் தரையில் இருக்கும்.

இதற்கு மருந்து எளிது. வாசிப்பவருக்கும் மைக்குக்கும் இடையில் தடித்த கம்பளத்தையோ, மடித்த பஞ்சு மெத்தையையோ விரிக்க வேண்டும். மெல்லிய ஜமுக்காளம் ஒன்று போதாது. அது உயர்ந்த அதிர்வெண்களை மட்டுமே உறிஞ்சும், 400 ஹெர்ட்ஸில் பெரிதாக எதுவும் செய்யாது. அதற்குப் பதிலாக வாசிப்பவரை ஓர் அடி உயரமுள்ள மரப் பலகையில் அமரச் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். செய்யலாம், ஆனால் உள்ளே காலியான பலகை தானும் முழங்கும். நான் மெத்தையையே தேர்ந்தெடுப்பேன்.

எந்த வகை மைக்

கண்டென்சர், டைனமிக், ரிப்பன் என்ற மூன்று வகைக்குள்தான் தேர்வு. இங்கே ஒரு தவறான நம்பிக்கையை முதலில் அகற்ற வேண்டும். "டைனமிக் மைக் அறையின் எதிரொலியை எடுக்காது, கண்டென்சர் எடுத்துவிடும்" என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். ஒரே தூரத்தில், ஒரே திசைக்குணத்தோடு வைத்தால் இரண்டும் அறையை ஏறக்குறைய ஒரே அளவுதான் கேட்கும். டைனமிக் மைக்கை நாம் வழக்கமாக வாயருகே வைத்துப் பயன்படுத்துகிறோம். அதனால் அப்படித் தோன்றுகிறது.

கண்டென்சரின் பலம் நுணுக்கம். மூச்சு நுழையும் ஓசை, நாக்கின் தொடுகை, உதட்டால் சுரத்தை அசைக்கும்போது வரும் மெல்லிய நிறமாற்றம் எல்லாம் அதில் கிடைக்கும். நியூமன் யூ87 ஸ்டூடியோக்களில் புகழ்பெற்றது. நம்மில் பலருக்கு அதன் விலை எட்டாது. மலிவான கண்டென்சர்களில் உயர்ந்த அதிர்வெண்கள் செயற்கையாகத் தூக்கலாக இருப்பதுண்டு. சாக்சபோனில் அது முள்ளாகக் குத்தும். அப்படிப்பட்ட மைக் கையில் இருந்தால் அதை விற்கத் தேவையில்லை. மைக்கின் முகத்தை வாத்தியத்திலிருந்து 30 பாகை அளவு விலக்கித் திருப்புங்கள், கூர்மை மழுங்கும். உரத்து வாசிப்பவராக இருந்தால், மைக்கில் இருக்கும் 10 டெசிபல் தணிப்பு விசையைப் போட்டுவிடுங்கள்.

டைனமிக்கில் ஷூர் எஸ்எம்57 எல்லோருக்கும் எட்டும். அது 1965இலிருந்து சந்தையில் இருக்கிறது, கீழே விழுந்தாலும் உடையாது. ஆனால் அதன் குரலில் மேல் நடுப்பகுதி தூக்கல். தார ஸ்தாயி ஓங்கி ஒலிக்கும் ரீடோடு சேர்ந்தால் கடினமாக இருக்கும். எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20, சென்ஹைசர் எம்டி421 இரண்டும் சாக்சபோனுக்கு இதைவிட இசைவானவை. ஆர்இ20க்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: அருகில் வைத்தாலும் தாழ்ந்த ஒலிகள் உப்பாதபடி அதன் உட்கூடு வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சத்தமான தெருவில் வீடு இருக்கிறது, மைக்கை 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும் என்பவருக்கு நான் காட்டும் முதல் மைக் அதுதான்.

ரிப்பன் மைக் என் மனதுக்கு நெருக்கமானது. ராயர் ஆர்121 போன்ற ஒன்றை ஆல்டோவுக்கு முன்னால் வைத்துக் கேட்டவர்கள், முள் நீங்கிய பலாச்சுளை போல அந்த ஒலி வந்து நிற்பதை மறக்க மாட்டார்கள். உயர்ந்த அதிர்வெண்களை அது இயல்பாகவே தணிக்கிறது. ஆனால் மூன்று நிபந்தனைகள். அது முன்னும் பின்னும் ஒரே அளவு கேட்கும். பின்னால் வெறும் சுவர் இருந்தால் சுவரின் ஒலியும் பதிவாகும், அங்கே மெத்தை வேண்டும். அதன் வெளியீடு மெலிந்தது; இன்டர்ஃபேஸில் அறுபது டெசிபல் அளவுக்கு இரைச்சல் இல்லாத பெருக்கம் வேண்டும். மூன்றாவதாக, மின்னூட்டம் தேவைப்படாத பழைய வகை ரிப்பன் என்றால் கேபிள் வழியே மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் விசையை அணைத்துவிட்டே இணையுங்கள். கேபிளில் கோளாறு இருந்தால் அந்த மெல்லிய உலோகத் தகடு போய்விடும்.

ஒரே ஒரு மைக் வாங்கப் பணம் இருக்கிறது, அறை ஓரளவு அடங்கியிருக்கிறது என்றால், நடுத்தர விலையில் ஒரு நேர்மையான கார்டியாய்டு (முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்கும் ஒருதிசை) கண்டென்சரை வாங்குங்கள். அது நாளை வயலினுக்கும் பாட்டுக்கும் உதவும். சாக்சபோனை மட்டுமே பதிவு செய்யப் போகிறவர், அறையைச் சரிசெய்யத் தயாராக இருப்பவர், ரிப்பனுக்குக் காத்திருந்து பணம் சேர்க்கலாம்.

இரண்டு மைக் வைத்தால் இரட்டிப்பு நன்மையா?

பெரும்பாலும் இல்லை. பெல்லில் ஒன்று, விசைகளில் ஒன்று என்று வைத்தால் ஒலி முழுமையாகும் என்று தோன்றும். இரண்டுக்கும் ஒலி வந்து சேரும் தூரம் 34 சென்டிமீட்டர் வேறுபட்டால், தாமதம் ஒரு மில்லி விநாடி. இரண்டையும் ஒரே தடத்தில் கலக்கும்போது 500 ஹெர்ட்ஸில் அழிவு தொடங்கி, அதற்கு மேலும் சீப்புப் பல் போல வரிசையாகப் பள்ளங்கள் விழும். சாக்சபோனில் இன்னொரு சங்கடமும் சேர்கிறது. ஒலி பிறக்கும் இடம் சுரத்துக்குச் சுரம் நகர்வதால், தாமதமும் நகர்கிறது. ஒரு சுரத்துக்கு அலைகளை நேர்செய்தால் மற்றொன்றுக்குப் பிசகும். நிஷாதத்துக்கும் ஷட்ஜத்துக்கும் இடையே ஊசலாடும் ஒரு கமகத்தில் இது எப்படி ஒலிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வாசிப்பவர் செய்யாத ஓர் அசைவை மைக்குகள் செய்துவைக்கும்.

இரண்டு மைக் உண்மையிலேயே பயன்படுவது வேறு விதத்தில். ஒன்றை முன்பு சொன்ன மூன்றாவது இடத்தில் வையுங்கள், அதுவே குரல். மற்றொன்றை அறையின் மூலையில் வைத்துத் தனித் தடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். மிக்ஸிங்கில் தேவைப்பட்டால் துளி சேர்க்கலாம், தேவையில்லை என்றால் தூக்கி எறியலாம். நான் பெரும்பாலும் தூக்கி எறிந்திருக்கிறேன்.

பக்கவாத்தியங்களோடு எடுப்பதா, தனித்தனியாகவா?

வயலினும் மிருதங்கமும் உடன் இருந்தால் முடிவு கடினமாகிறது. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு தடமும் சுத்தமாக இருக்கும். ஆனால் சாக்சபோன் விட்ட இடத்தில் வயலின் எடுப்பதும், கல்பனாசுரம் குறையக் குறைய இருவரும் ஒருவரையொருவர் கண்ணால் துரத்துவதும் போய்விடும். கத்ரியும் வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமரியும் எதிரெதிரே வாசித்ததைக் கேட்டவர்கள், அந்த உரையாடலைத் துண்டு துண்டாக ஒட்டலாம் என்று நினைக்க மாட்டார்கள். நான் ஒன்றாக எடுப்பதன் பக்கம். ஒலி கசிவதை முழுதாகத் தடுக்க முடியாது, அடக்கலாம்.

மைக்குகளுக்கு இடையிலான தூரம், ஒரு மைக்குக்கும் அதன் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது பழைய விதி. சாக்சபோன் மைக் 50 சென்டிமீட்டரில் என்றால், வயலின் மைக் அதிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி. ஒரே வாத்தியத்துக்கு வைக்கும் இரண்டு மைக்குகளுக்கு இந்த விதியைப் பொருத்துகிறார்கள் சிலர். அது அதற்கானது அல்ல. சாக்சபோன் வயலினைவிட மிக உரத்த வாத்தியம். ஆகவே வயலின் மைக் எந்தப் பக்கம் காது கேளாததோ அந்தப் பக்கம் சாக்சபோனை நோக்கட்டும். கார்டியாய்டு என்றால் அதன் முதுகு. ரிப்பன் என்றால் அதன் விலாப்புறம். விலாப்புறத்தில் ரிப்பன் மைக் ஏறக்குறைய முழுச் செவிடு. இந்த வேலைக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை.

தம்புராவைத் தயவுசெய்து ஹெட்போனில் கொடுங்கள், ஒரு காதில் மட்டும். சுருதிப்பெட்டியை அறையில் ஒலிக்கவிட்டால் அது எல்லா மைக்கிலும் ஏறி, பிறகு எந்த வெட்டும் ஒட்டும் செய்ய முடியாமல் போகும். மின்விசிறியை நிறுத்துங்கள். வெயில் காலத்தில் பத்து நிமிடப் பதிவு, ஐந்து நிமிட விசிறி என்று வேலை செய்யலாம். குழாய்க்குள் காற்று சூடாகச் சூடாகச் சாக்சபோனின் சுருதி ஏறும். பதினைந்து நிமிடம் ஊதிச் சூடேற்றிய பிறகே சுருதி சேருங்கள். இடைவேளைக்குப் பின் மறுபடி சேருங்கள். ஏசி ஓடியபோது ஒரு பாதியும், நிறுத்திய பிறகு மறு பாதியும் பதிவு செய்த ஒரு கீர்த்தனையை ஒட்ட முயன்று ஓர் இரவு முழுவதும் நான் தோற்றிருக்கிறேன்.

மிக்ஸிங்: கம்ப்ரசரா, கையா?

24 பிட்டில், உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் எடுத்திருந்தால் போதிய இடம் இருக்கிறது. முதலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுகிறேன். ஆல்டோவின் மிகத் தாழ்ந்த சுரமே 139 ஹெர்ட்ஸில் இருப்பதால் வாத்தியத்துக்கு எந்த இழப்பும் இல்லை, தெருவில் போகும் லாரியின் உறுமல் போய்விடும். ஆல்டோவைவிடப் பெரிய டெனர் சாக்சபோன் என்றால் அதன் அடிச்சுரம் 104 ஹெர்ட்ஸுக்கு அருகே. 70 அல்லது 80இல் வெட்ட வேண்டும். மூக்கடைத்தது போல் இருந்தால் 800க்கும் 1,200க்கும் இடையே தேடிப் பார்த்து இரண்டு டெசிபல் குறைக்கலாம். தார ஸ்தாயி குத்தினால் 2,500 முதல் 4,000 வரை. நான்கு டெசிபலுக்கு மேல் எங்கேயாவது குறைக்கும் நிலை வந்தால், முடிந்தால் மைக்கை நகர்த்தி மறுபடி எடுப்பதே நல்லது.

ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய இரண்டு வழிகள். உரத்த இடங்களைத் தானாகவே தணிக்கும் கம்ப்ரசர் விரைவானது, எல்லோரும் அதையே போடுகிறார்கள். ஜாஸிலும் மெல்லிசையிலும் சாக்சபோன் கிடாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே நிற்க அது வேண்டும்தான். ஆலாபனைக்கு நான் அதை நம்புவதில்லை. கமகத்தில் ஒரு முனை அழுத்தமாகவும் மறுமுனை மெலிந்தும் வருவது தற்செயல் அல்ல. அந்த அழுத்தமே ராகத்தின் முகம். வேகமாக வேலை செய்யும் கம்ப்ரசர் இரண்டு முனைகளையும் ஒரே உயரத்துக்குத் தட்டிவிடும். தோடியின் காந்தாரம் தோடியாக இருக்காது. அதோடு, வாக்கியங்களுக்கு இடையே மூச்சையும் விசையின் தட்டொலியையும் அறையின் எதிரொலியையும் தூக்கிக் கொண்டுவரும்.

ஆகவே கையால் செய்கிறேன். ஒலியளவை மாற்றும் ஃபேடரை வாக்கியம் வாக்கியமாக ஏற்றி இறக்கிப் பதிந்துவிடுவது. பதினைந்து நிமிட ஆலாபனைக்கு இரண்டு மணி நேரம் ஆகும். சுரத்தைத் தொடுவதில்லை, வாக்கியத்தை மட்டும் தொடுகிறேன்: மந்திர ஸ்தாயிச் சஞ்சாரம் முழுவதையும் ஒரு டெசிபல் இறக்குவது, ஒரு கார்வை தேய்ந்து மறையும் இடத்தில் அரை டெசிபல் தாங்கிப் பிடிப்பது. அதன் பிறகும் தேவைப்பட்டால் 2:1 விகிதத்தில், 30 மில்லி விநாடி கழித்துப் பிடிக்கும்படி கம்ப்ரசரை வைத்து, உச்சத்தில் இரண்டு மூன்று டெசிபல் மட்டும் தணிய விடுகிறேன். சுரம் தொடங்கும் நாக்கின் தொடுகை அதற்குள் தப்பிவிடும்.

வயலினோடு சேரும்போது இரண்டும் ஒரே அதிர்வெண் வீச்சில் மோதும். ஈக்யூவில் இரண்டையும் செதுக்கிப் பிரிப்பதைவிட, மேடையில் அமரும் வரிசைப்படி வயலினை ஒரு பக்கமும் மிருதங்கத்தை மறுபக்கமும் சற்று நகர்த்தி, சாக்சபோனை நடுவில் விடுவதே போதும்.

செயற்கை எதிரொலியான ரிவெர்ப் இல்லாமல், 50 சென்டிமீட்டரில் எடுத்த சாக்சபோன் வறண்டிருக்கும். ஹால் வகை ரிவெர்ப் கோயில் மண்டபம் போல விரிகிறது, ஆனால் வயலினையும் மிருதங்கத்தையும் மூழ்கடிக்கிறது. பிளேட் வகை அடர்த்தியானது, வாத்தியத்தின் பின்னால் ஒட்டி நிற்கிறது. நான் பிளேட்டையே எடுக்கிறேன். 30 மில்லி விநாடி தாமதத்துக்குப் பின் தொடங்கும்படி வைத்தால் வாசிப்பு முன்னால் நிற்கும், எதிரொலி பின்னால் வரும். ஆலாபனையில் ஒன்றே முக்கால் விநாடி வரை நீளலாம். கல்பனாசுரத்தில் அதே நீளம் சுரங்களை ஒன்றன் மேல் ஒன்று பூசிவிடும். அங்கே அனுப்பும் அளவைப் பாதியாகக் குறைத்துவிடுகிறேன்.

அந்த இளைஞரின் தோடியில் கடைசியாக மிஞ்சியவை: 100 ஹெர்ட்ஸ் வெட்டு, 3,000 ஹெர்ட்ஸில் ஒன்றரை டெசிபல் தணிப்பு, கையால் ஓட்டிய ஃபேடர், கொஞ்சம் பிளேட். கம்ப்ரசரே போடவில்லை. மைக் ஸ்டாண்டின் மூன்று கால்கள் நின்ற இடத்தில் தரையில் ஒட்டிய டேப்பை அவரே தன் கைபேசியில் படம் எடுத்து, மெத்தையிலிருந்து மைக்கின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போனார்.